அக்கரைக்குப் போன உதைபந்து

மட்டக்களப்பு நகரின் பெரிய விளையாட்டரங்குக்கு வெபர் மைதானம் என்று பெயர். அங்கே பயிற்சிக்கு வரும் பையன்களிடம் வெபர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்கார ஏஜென்டுத் துரை என்பான் ஒருவன். பாலம் கட்டின இஞ்சினியர் என்பான் இன்னொருவன். துரையுமில்லை, இஞ்சினியருமில்லை. ஹரல்ட் ஜோன் வெபர் இயேசு சபைக் குருவானவர். அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை ஓடவும் பாயவும் பந்தாடவும் பழக்கியவர். ஒரு மாவட்டத்தின் முதன்மையான மைதானம் அரசியல்வாதியின் பெயரையோ கிண்ணம் வென்ற வீரனின் பெயரையோ தாங்காமல், பழக்கிவிட்டவரின் பெயரைத் தாங்கி நிற்பது நம் நாட்டில் அடிக்கடி காணக்கூடிய காரியமல்ல.

உடற்கல்வி ஆசிரியனாகவும் மத்தியஸ்தனாகவும் விசிலோடு காலத்தைக் கழித்தவன் நான். எங்கள் வாவிக் கரையின் உதைபந்தாட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால், யார் எத்தனை கோல் போட்டார் என்ற பேச்சுக்கு நான் போவதில்லை. பந்தை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோனவர்கள் யார் என்றுதான் சொல்லத் தொடங்குவேன். வெபர் சுவாமி கடல் கடந்து வந்தவர். என் தாய்மாமன் ஆறு கடந்து போனவர். இருவரும் நேரில் பேசிக்கொண்டதில்லை. ஆனால் ஒருவர் தொடங்கியது மற்றவர் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது.

மட்டக்களப்பில் பந்து பள்ளிக்கூடங்களின் வழியாகத்தான் வந்தது. 1814இல் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் ஓல்ட் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார்; அடுத்த வருடமே இறந்துபோனார். அவர் போட்ட வித்துத்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் 1873இல் தொடங்கியது. திருகோணமலை மறைமாவட்டம் 1890களில் இயேசு சபையின் கையில் ஒப்படைக்கப்பட்டபோது முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர். மிக்கேல் கல்லூரியை நிமிர்த்திய பொனெல் அடிகளார் அவர்களில் ஒருவர். காரைதீவிலிருந்து வந்து அக்கல்லூரியில் படித்த மயில்வாகனம்தான் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். அவர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாவியின் ஒரு முனையில் இப்படி மூன்று கல்லூரிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றால் போட்டிக்கு வேறு காரணம் வேண்டுமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரருக்குப் பதிலாக அமெரிக்கர் வந்தனர். அவர்கள் நாட்டில் அந்நாளில் காலால் ஆடும் பந்துக்குப் பெரிய மதிப்பில்லை. அவர்களோடு வந்து இங்கே வேர்பிடித்த ஆட்டம் கூடைப்பந்து. மிக்கேல் கல்லூரியும் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியும் அதில் நாடறிந்த பெயர் எடுத்தது அவர்களால்தான். ஆனால் கூடைப்பந்துக்குத் தளம் வேண்டும், கம்பம் வேண்டும், வளையம் வேண்டும். கிராமத்துக்கு அது கட்டுப்படியாகாது. உதைபந்துக்கு ஒரு பந்தும் அறுவடை முடிந்த வயலும் போதும். அதனால் சுவாமிமாரிடம் கற்ற பயிற்சியும் ஒழுங்கும் நகரத்தைத் தாண்டியபோது கூடைப்பந்தோடு போகவில்லை, உதைபந்தோடு போயின. மிக்கேலில் படித்தவர்கள் ஆசிரியர்களாக, எழுதுவினைஞர்களாகக் கிராமங்களுக்கு வந்தார்கள். மாமா அவர்களோடு சேர்ந்தும் அவர்களுக்கு எதிராகவும் விளையாடிப் பழகியவர். ஐந்து மணிக்கு ஆட்டம் என்றால் நாலரைக்கு நிற்க வேண்டும், பந்தைத் தொடுவதற்கு முன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், தோற்றாலும் கை கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் அந்த வழியாக அவருக்கு வந்தவை.

பந்து வருமுன்னரே எங்கள் ஊர்களில் கட்சி கட்டி விளையாடும் வழக்கம் இருந்தது. கண்ணகி அம்மனுக்குரிய கொம்புமுறியைச் சொல்கிறேன். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும்; வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி, கயிறு பூட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். தோற்றவர்களை வென்றவர்கள் வசைபாடுவார்கள். யார் எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலைப் படிக்கிறவர்களுக்கு இவையெல்லாம் எவ்வளவு ஆழமாக வேரோடியவை என்று விளங்கும். வசை முற்றிக் கைகலப்பாகிக் கொம்புமுறி பல ஊர்களில் நின்றுபோயிற்று. அந்த வேகத்துக்கு ஒரு வடிகால் தேவைப்பட்ட காலத்தில்தான் பந்து வந்தது என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்து ஆட்டங்களில் வெளியே நிற்பவர்களின் வாய், உள்ளே ஆடுபவர்களின் காலைவிட வேகமாக ஓடும். அது பந்தோடு வந்த பழக்கமல்ல, அம்மன் கோயில் வாசலில் பழகியது.

எங்கள் நிலத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாவி ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. நாங்கள் அதை ஆறு என்றே சொல்வோம். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள மணல் பட்டை எழுவான்கரை. ஆற்றுக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கச்சேரி எல்லாம் எழுவான்கரையில். நெல் படுவான்கரையில். கரை மாற வேண்டுமானால் பாதையில் ஏற வேண்டும். தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்து ஆளும் சைக்கிளும் மாடும் ஏற்றிப் போகும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். குருக்கள்மடம் அம்பிலாந்துறைப் பாதை, குறுமன்வெளி மண்டூர்ப் பாதை, மண்முனைப் பாதை என்று துறைக்கொன்று இருந்தது.

மாமா எழுவான்கரைப் பிள்ளை. எங்கள் ஊரின் சென்டர் ஹாஃப். உயரமில்லை, ஆனால் தலையால் அடிக்கும்போது எங்கிருந்தோ ஓர் அடி உயரம் கூடிவிடும். 1960களின் தொடக்கத்தில் அவருக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் மண்டூருக்கும் அப்பால், படுவான்கரையில் ஒரு கிராமம்.

இங்கேதான் மட்டக்களப்பின் வழமை ஆட்டத்துக்குள் நுழைகிறது. எங்களிடம் வீடும் வளவும் பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பான். குடியும் தாய் வழியில்தான் வரும்: மாமாவும் நானும் ஒரே குடி, அவருடைய பிள்ளைகள் வேறு குடி. ஆகவே ஒரு கல்யாணம் நடந்தால் ஓர் ஊர்க் கழகம் ஆளை இழக்கும், இன்னோர் ஊர்க் கழகம் ஆளைப் பெறும். நல்ல கோல் காப்பாளனுக்குத் தூரத்தில் சம்பந்தம் பேசினால் கழகத்துப் பையன்கள் அவன் தாய் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

மாமா போன ஊரில் கழகமே இல்லை. ஆறு மாதத்தில் ஒன்று உண்டாயிற்று. போடியார் ஒருவர் விதைக்காமல் விட்டிருந்த மேட்டுத் துண்டு மைதானமானது. கோல் கம்பத்துக்குக் கமுக மரம். கோலுக்குப் பின்னால் கிழிந்த மீன் வலை. கோடு போட உமிச் சாம்பல்.

பந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. தோலைத் துண்டு துண்டாகத் தைத்த உறை. அதற்குள்ளே ரப்பர் பிளடர். வாயை மூடச் சப்பாத்துக்குப் போடுவதுபோல் தோல் வார் கட்டியிருக்கும். வார் கட்டிய பக்கம் நெற்றியில் பட்டால் கோடு விழும். ஈரமானால் பந்து இரட்டைப் பாரம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா திண்ணையில் இருந்து வாரைக் கழற்றி, பிளடரை வெளியே எடுத்து, ஒரு பேசினில் தண்ணீர் விட்டு அதற்குள் அமுக்குவார். குமிழி வரும் இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் சைக்கிள் டியூப் துண்டு, உரைதாள், சொலூசன் மூன்றையும் நீட்ட வேண்டும். ஒட்டிய பிறகு உடனே காற்றடிக்க விடமாட்டார். "பொறு மருமகன், காயட்டும்" என்பார். அதற்குள் தோலுக்குக் கொழுப்புப் பூசித் துணியால் தேய்ப்பார். ஒரே பந்து. அது போனால் அடுத்த வேளாண்மை வெட்டும்வரை ஆட்டமில்லை. ஆற்றங்கரையில் ஆட்டம் என்றால் பந்து தண்ணீருக்குள் போகும். எங்கள் ஆற்றில் முதலை உண்டு. போய் எடுப்பவன் யாரென்று முதலிலேயே தீர்மானித்துவிடுவார். அது எப்போதும் அவர்தான்.

பந்துக்குப் பருவமும் உண்டு. வாடைக் காற்றோடு வரும் மழையில் ஐப்பசி முதல் தை வரை மைதானமெல்லாம் குளம். முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் வடிந்து, பெரும்போக வெட்டு முடிந்த பிறகுதான் நிலம் காலுக்குக் கிடைக்கும். வெட்டின வயலின் தாள் உள்ளங்கால்களைக் குத்தும். சப்பாத்து இல்லாத கால்கள். பிறகு கச்சான் காற்று தொடங்கினால் மேற்கிலிருந்து அனல் வீசும், பந்து தானாகவே கிழக்குக் கோலை நோக்கி ஓடும். நாணயம் சுண்டி வென்றவன் முதல் பாதியில் எந்தப் பக்கம் கேட்பான் என்று சொல்லத் தேவையில்லை.

மாமாவின் புதுக் கழகமும் எங்கள் ஊர்க் கழகமும் முதல் தடவை மோதியபோது அவர்கள் பாதையில் வந்து இறங்கினார்கள். அவர் பிறந்த ஊர், அவருக்கு எதிர்க்கட்சியாக நின்றது. ஒரு கிழவி கோட்டோரத்தில் நின்று, "பொண்டாட்டி ஊருக்குப் பந்தடிக்கிறாயா மனே, எங்கட சோத்தைக் கக்கிப்போட்டு அடி!" என்று கத்தினாள். அந்தக் கிழவி என் அம்மம்மா, அவரைப் பெற்ற தாய். மாமா சிரித்துக்கொண்டே எங்கள் பக்கத்து முன்கள வீரனின் காலிலிருந்து பந்தைப் பறித்தார். அன்று நாங்கள் தோற்றோம். இரவு அவர் தாய் வீட்டில்தான் சாப்பிட்டார்.

இவ்வளவும் விளையாட்டு. ஊரை மாற்றியது வேறொன்று. அந்தக் கிராமத்தில் கோயில் உரிமை குடிக்குக் குடி அளந்து வைத்தது. சில வீட்டுப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், கிணற்றிலும் அப்படித்தான். அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வந்த ஒரு பையன் இடது காலால் கோர்னர் அடித்தால் பந்து வளைந்து கோலுக்கு முன்னால் விழும். மாமா அவனைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் வெற்றி வேண்டும். இடைவேளையில் தண்ணீர்க் குடம் வந்தபோதுதான் பிரச்சினை. இரண்டு பேர் குடத்தை அவனுக்கு எட்டாமல் நகர்த்தினார்கள். மாமா ஒரு சொல்லும் பேசவில்லை. குடத்தைத் தூக்கி முதல் செம்பை அவனுக்கு வார்த்தார். இரண்டாவது செம்பு தனக்கு. பிறகு குடத்தை நடுவில் வைத்துவிட்டு, "தாகமில்லாதவன் குடிக்கத் தேவையில்ல" என்றார். கச்சான் காலம், ஆட்டத்தின் இரண்டாம் பாதி இன்னும் கிடக்கிறது. எல்லோரும் குடித்தார்கள். கோயில் கூட்டத்தில் அந்த வாரம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மாமனாருக்கும் அவருக்கும் ஒரு வருடம் பேச்சில்லை. கோயில் வாசல் திறக்க இன்னும் பல காலம் சென்றது. மைதானத்துக் குடம் அன்றே பொதுவாகிவிட்டது.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. வீடுகளுக்குக் கூரையில்லை, தென்னை ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை. கழகப் பையன்கள் முறை வைத்து வீடு வீடாகக் கூரை மேய்ந்தார்கள்; வயதானவர்கள் வீடு முதலில், பிறகு விதவைகள் வீடு, கழகத்தலைவர் வீடு கடைசி. விழுந்த தென்னங்குற்றிகளை இழுத்து வந்து மைதானத்தைச் சுற்றிப் போட்டார்கள். அதுதான் எங்கள் பக்கத்தின் முதல் பார்வையாளர் அரங்கு.

போர் வந்தபின் நடந்ததை எழுத எனக்கு விருப்பம் குறைவு, ஆனால் எழுதாமல் இந்தக் கதை நிறைவுறாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த கிழமை ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்டோர், பெண்களும் பிள்ளைகளுமாக. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழர் நூற்றெண்பதுக்கு மேல். ஏறாவூர்ப் படுகொலை முடிந்து சில நாட்கள்; ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையில் கன்னியாஸ்திரிகளின் பாதுகாப்பை விசாரித்துவிட்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். கூட வந்தவர் பெர்ட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞர். ஏறாவூர்ப் பக்கத்தோடு இருவரும் காணாமற் போனார்கள். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற ஊரில் 1923இல் பிறந்து, 1948இல் இங்கே வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கூடைப்பந்து பழக்கியவர் அவர். வெபர் சுவாமி ஒரு மைதானத்தின் பெயராக நிற்கிறார். ஹேபர்ட் சுவாமிக்குக் கல்லறையும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் எங்கள் ஆபத்திலும் பங்கு கொண்டார்கள் என்பதை விளையாட்டு வரலாறு எழுதுபவர்கள் விட்டுவிடக் கூடாது.

ஆறு அப்போது எல்லையாயிற்று. இக்கரை இராணுவம், அக்கரை இயக்கம். பள்ளிக்கூட மைதானங்களில் முகாம்கள் முளைத்தன. மாமாவின் கழகப் பையன்களில் சிலர் இயக்கத்துக்குப் போனார்கள். சிலர் போகவில்லை, கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு காலத்தில் பதினொருவரைச் சேர்க்க முடியாமல் மாமா ஏழு பேரோடு குறுக்காக ஆடவைத்தார், சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு. பந்து ஓடும்வரை அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தாய்மாருக்குத் தெரியும் அல்லவா என்பார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. தமிழ்க் கழகமும் முஸ்லிம் கழகமும் மீண்டும் ஆடத் தொடங்கிய நாட்களில் ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு நான் மத்தியஸ்தன். கடைசி நிமிடங்களில் தமிழ்ப் பையனின் கையில் பந்து பட்டது, பெட்டிக்குள். பெனால்டி. விசிலை ஊதிவிட்டு நின்றேன், யாரும் நகரவில்லை. எங்கள் பக்கத் தலைவன் பந்தை எடுத்து வந்து புள்ளியில் தானே வைத்தான். அவன் மாமாவிடம் பழகியவன். அந்த ஒரு பெனால்டியால் சமாதானம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் அவர்கள் எங்களைத் தங்கள் மைதானத்துக்கு அழைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதுவே போதுமாயிருந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று கல்லடியின் கடற்கரைக் குடியிருப்புகள் கடலோடு போயின. டச்பாரில் பறங்கியர் குடும்பங்கள் பல; எங்கள் பழைய போட்டியாளர்கள். அன்று மாலைக்குள் படுவான்கரையிலிருந்து தோணிகளில் இளைஞர்கள் வந்தார்கள், மண்வெட்டியும் பாயும் சோறும் கொண்டு. மாமா வயதாகி வரமுடியாமல் துறையில் நின்று ஆள் பிரித்து அனுப்பினார்: ஆஸ்பத்திரிக்கு நாலு பேர், தேவாலயத்துக்கு நாலு பேர், நாவலடிக்கு மீதிப்பேர். கழகத்தின் பெயர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டார். அரசாங்கத்தின் பட்டியல் வருமுன் அந்தப் புத்தகம் வேலை செய்தது.

இலங்கை 1952இலேயே பீஃபாவில் சேர்ந்துவிட்டது. ஆனால் தேசிய அணி என்பது எங்களுக்கு வானொலியில் கேட்கும் சங்கதியாகவே இருந்தது. வடக்கில் மன்னார் அப்படியல்ல. தேசிய அணிக்கு ஆடிய மன்னார் மகன் டக்சன் பியூஸ்லஸ் 2022 பெப்ரவரியில் மாலைதீவில் இறந்தபோது, ஒரு வீரனுக்காக ஊர் அழுவது என்றால் என்னவென்று எல்லோரும் கண்டோம். அந்த அன்பு எனக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்தில் அதைப் பெற்றவர்களின் பெயர் பத்திரிகையில் வராது, அவ்வளவே.

எங்கள் ஊர்களில் நடக்கும் சுற்றுப்போட்டி அழைப்பிதழ்களைப் பாருங்கள். அனேகமாக எல்லாமே யாராவது ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம். சூறாவளியில் போனவர், போரில் போனவர், கடலில் போனவர். மாவட்டத்தின் துயரத்தை வரிசைப்படுத்த வேண்டுமானால் அந்தக் கிண்ணங்களை அடுக்கினால் போதும். மாமா காலமானதும் அவர் பெயரிலும் ஒன்று வைக்கக் கழகம் முடிவெடுத்தது. மாமி சம்மதிக்கவில்லை. "கிண்ணத்தக் கொண்டுபோய்க் கண்ணாடி அலுமாரிக்குள்ள பூட்டி வைப்பாங்க. அந்த மனிசன் எதையும் பூட்டி வச்சவரில்ல" என்றார்.

பேச்சு வளர்ந்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம் வந்தது. கிண்ணம் வெல்லும் கழகம், கழகமில்லாத ஒரு கிராமத்தைத் தேர்ந்து, அந்த வருடம் அங்கே பிள்ளைகளுக்குப் பந்து பழக்க வேண்டும், பெண்பிள்ளைகளையும் சேர்த்து. ஒரு பந்தையும் விட்டுவிட்டு வர வேண்டும். அதைச் செய்தால்தான் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கரை கடப்பது எளிது; சாக்குச் சொல்ல இடமில்லை. பெரிய கழகங்கள் இரண்டு மூன்று இந்த நிபந்தனை பிடிக்காமல் எங்கள் போட்டிக்கு வருவதில்லை. பரிசுத் தொகையும் இல்லை என்று முறைப்பாடு வேறு. வராதவர்களுக்காக விதியை மாற்றச் சொல்லி ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் யாராவது எழும்புவார்கள். நான் கையை உயர்த்தி எதிர்த்து வாக்களிப்பேன். வருகிற கழகங்களே எங்களுக்குப் போதும்.